இரண்டாவது கித்தான்

நிலக்காட்சித் தொடர் ஒன்று எந்தப் புள்ளியில் தொடங்குகிறது என்ற கேள்வி மனதை விட்டு அகல மறுக்கிறது. கண்காட்சிக் கையேடுகளைப் புரட்டினால் கண்ணில் படுவதெல்லாம் தொடர்கள்தான். தொடருக்குப் பெயர் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, கித்தான்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றன, மாட்டப்போகும் சுவரின் நீளம்கூட முன்பே கணக்கில் வந்துவிட்டது. அந்தப் படங்களில் கைத்திறன் குறைவென்று சொல்ல முடியாது. வானம் சரியாக வந்திருக்கும், தண்ணீரில் விழும் நிழல் சரியாக விழுந்திருக்கும், வண்ணங்கள் ஒன்றோடொன்று இசைந்து போயிருக்கும். ஆனாலும் அந்த வரிசையின் முன்னால் நடக்கும்போது ஏதோ நெருடுகிறது. முதல் படத்துக்கு அந்த நிலத்தைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவேதான் பன்னிரண்டாவது படத்துக்கும் தெரிகிறது. நடுவிலிருந்து எதை எடுத்துவிட்டாலும் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஓவியர் பன்னிரண்டு முறை வரைந்திருக்கிறார், பார்த்தது என்னவோ ஒரே ஒரு முறை. இந்த நெருடலைப் பின்தொடர்ந்து போனால் எனக்குத் தோன்றுவது இதுதான்: தொடர் முதல் கித்தானில் தொடங்குவதில்லை. முதலாவது வெறும் படம். இரண்டாவது கித்தான் வந்து முதலாவதைக் குறையுள்ளதாகக் காட்டும்போதுதான் தொடர் பிறக்கிறது. அந்தக் குறை தெரியாமல் அடுத்தடுத்து வருபவை எத்தனை இருந்தாலும் அவை ஒரே படத்தின் பிரதிகள்.

இதைச் சோதித்துப் பார்க்க, நிலக்காட்சித் தொடர் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வரும் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1890ஆம் ஆண்டின் கோடை முடியும் தறுவாயில் க்ளோத் மோனே தன் ஜிவெர்னி வீட்டை ஒட்டிய வயலில் கதிர்ப் போர்களை வரையத் தொடங்கினார். அவை வெறும் வைக்கோல் இல்லை. அறுத்த கோதுமைக் கதிரைக் கட்டுக்கட்டாக வட்டமாய் அடுக்கி, மேலே கூம்பாகக் கூரை வேய்ந்து, ஊர் ஊராகப் போகும் கதிரடிக்கும் இயந்திரம் தங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருக்கும் தானியக் குவியல்கள். பனிக்காலம் முழுக்க அவை வயலிலேயே நிற்பதும் உண்டு. 1888, 1889 வாக்கிலேயே மோனே அதே போர்களைச் சில படங்களில் வரைந்திருந்தார். அவை படங்களாகவே நின்றுபோயின, தொடராகவில்லை. பிறகு என்ன நடந்தது என்பதற்கு அவரே முதுமையில் ஒரு விளக்கம் சொன்னார். வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று, இரண்டு கித்தான் போதும் என்று நினைத்துப் போனதாகவும், வெளிச்சம் மாறிக்கொண்டே இருந்ததால் வளர்ப்பு மகளை வீட்டுக்கு அனுப்பி இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்துவரச் சொன்னதாகவும். சுமார் முப்பது ஆண்டுகள் கழித்துச் சொன்ன கதை இது. சொல்லிச் சொல்லி வழவழப்பாகியிருக்கும். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் 1890 அக்டோபரில் நண்பர் குஸ்தாவ் ஜெஃப்ருவாவுக்கு அவர் எழுதிய கடிதம் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டது. வேலை மிக மெதுவாக நகர்கிறது, சூரியனோ இந்தப் பருவத்தில் விரைந்து மறைந்துவிடுகிறது, தன்னால் அதன் பின்னால் ஓட முடியவில்லை என்று அதில் குமைகிறார். திட்டம் போட்டு இறங்கியவரின் குரலாக இது கேட்கவில்லை. கையில் எடுத்த வேலை தன்னைவிடப் பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்துத் திகைத்தவரின் குரலாகத்தான் கேட்கிறது.

அந்தத் திகைப்புக்குக் காரணம் மனநிலையில் மட்டும் இல்லை, பொருளிலேயே இருக்கிறது. தைலவண்ணம் தண்ணீர் வண்ணத்தைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை மெல்ல உள்வாங்கித்தான் இறுகுகிறது. மெல்லிய பூச்சு கையில் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாட்கள் ஆகும். தடித்த பூச்சுக்கு வாரங்கள், உள்ளே முழுக்க இறுக மாதங்கள். ஈய வெள்ளையும் அம்பரும் சீக்கிரம் இறுகும், தந்தக் கறுப்பும் பல சிவப்புகளும் பிடிவாதமாக ஈரமாகவே கிடக்கும். குளிரும் ஈரக்காற்றும் இன்னும் தாமதப்படுத்தும். ஜிவெர்னி இருக்கும் நார்மண்டியின் இலையுதிர்காலம் இரண்டையும் தாராளமாகத் தரும். மறுபக்கம் சாயும் வெயிலோ சில நிமிடங்களில் ஆரஞ்சிலிருந்து ரோஜாவுக்கும் அதிலிருந்து ஊதாவுக்கும் போய்விடுகிறது. ஈரமான ஆரஞ்சின் மேல் ஈரமான ஊதாவை வைத்தால் கிடைப்பது சேறு. ஆகவே ஓவியர் கித்தானை இறக்கி வைக்க வேண்டும், அதே வெளிச்சம் அதே கோணத்தில் திரும்பி வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும், நடுவில் வேறொரு வெளிச்சத்துக்கு வேறொரு கித்தானை ஏற்ற வேண்டும். வெளிச்சத்தின் வேகமும் எண்ணெயின் தாமதமும் ஒத்துப்போகாத அந்த இடைவெளியில்தான் இரண்டாவது கித்தான் நுழைகிறது. கதிர்ப் போர்ப் படங்களை அருகில் பார்த்தால் இது தெரியும். காய்ந்த பூச்சின் மேடுகளின்மேல் உலர்ந்த தூரிகை இழுபட்டுப் போயிருக்கிறது. கீழ்ப்படலம் அங்கங்கே எட்டிப் பார்க்கிறது. ஒரு கண நேர வெளிச்சம் என்று நாம் நினைப்பது பல நாட்கள் திரும்பத் திரும்ப வந்து கட்டியது.

பொருள்தான் காரணமென்றால் தொடர் ஏன் அத்தனை தாமதமாக வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1800இல் வெளிவந்த தன் நூலிலேயே பியேர்-ஆன்ரி த வலான்சியென், ஒரே காட்சியை வெவ்வேறு பொழுதுகளில் வரைந்து பழகச் சொன்னார். வெளியில் செய்யும் ஓவியக்குறிப்பு இரண்டு மணி நேரத்துக்குமேல் போகக்கூடாது, விடியலோ அந்தியோ என்றால் அரைமணி நேரம்தான் என்று வரம்பும் கட்டினார். ஜான் கான்ஸ்டபிள் 1821லும் 1822லும் ஹாம்ஸ்டெட் மேட்டில் நின்று வானத்தைத் தைலவண்ணத்தில் காகிதத்தின்மேல் மீண்டும் மீண்டும் தீட்டி, பின்பக்கத்தில் தேதி, மணி, காற்றின் திசை எல்லாம் எழுதிவைத்தார். 1841இல் ஜான் கோஃப் ராண்ட் தகர ட்யூபுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு வண்ணத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவது எவருக்கும் எளிதாயிற்று. முறை தெரிந்திருந்தது, கருவி இருந்தது, எண்ணெய் அன்றும் இதே வேகத்தில்தான் காய்ந்தது. ஆனாலும் அவை தொடராகவில்லை. வலான்சியெனுக்கு அவை கைக்குப் பயிற்சி. கான்ஸ்டபிளுக்கு அவை கண்ணுக்குப் பயிற்சி. அவர் கனவு கண்டது ஆறடிக் கித்தானில் தீட்டிய பெரிய படங்களை. பல ஓவியக்குறிப்புகளில் கற்றதெல்லாம் சேர்ந்து கடைசியில் முழுமையான ஒரே படமாகும் என்ற நம்பிக்கை இருவருக்கும் இருந்தது. அந்த நம்பிக்கை உடையும்போதுதான் தொடர் சாத்தியமாகிறது. இருபத்தைந்து கதிர்ப் போர்ப் படங்களில் மற்றவற்றுக்கு உச்சமாக நிற்கும் படம் என்று ஒன்றும் இல்லை. பனி மூடிய போர் அந்தி வெயில் போருக்கு ஒத்திகை இல்லை. எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் படத்தைத் தன்னால் தர முடியாது என்று ஓவியர் ஒப்புக்கொள்வதே தொடரின் தொடக்கம். எண்ணெயின் தாமதம் அதற்கு வழிவிட்டது. வழியில் இறங்கி நடக்க இந்த ஒப்புதல் தேவைப்பட்டது.

இதெல்லாம் சந்தைக்காகச் செய்தது, அதற்கு ஏன் இத்தனை தத்துவம் என்பது பலமான மறுப்பு. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 1891 மே மாதம் பாரிஸில் த்யூரான்-ருயெல் கூடத்தில் பதினைந்து கதிர்ப் போர்ப் படங்கள் காட்சிக்கு வந்து சில நாட்களிலேயே விற்றுப்போயின. அதற்குச் சற்று முன் சக ஓவியர் கமில் பிஸ்ஸாரோ தன் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆட்கள் மோனேயைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை, அதிலும் அந்திவெயில் கதிர்க்கட்டைத்தான் கேட்கிறார்கள், எல்லாம் அமெரிக்காவுக்குப் போகின்றன என்று வருந்தினார். பிஸ்ஸாரோவின் வருத்தம் பொறாமையிலிருந்து மட்டும் வந்ததில்லை. வெற்றி ஒருவரைத் தன்னையே திரும்பச் செய்ய வைத்துவிடும் என்ற அச்சம் அதில் இருக்கிறது, அந்த அச்சம் இன்றைக்கும் சரியானது. ஆனால் சந்தைக்கு வேண்டியது தனிப்படம். தொடரை முழுதாக வாங்க எவரும் வருவதில்லை. 1895இல் ரூவான் தேவாலயப் படங்கள் இருபது ஒரே கூடத்தில் வைக்கப்பட்டபோது, அவற்றைப் பிரிக்காமல் அரசே வாங்க வேண்டும் என்று அரசியல்வாதி க்ளெமான்ஸோ பத்திரிகையில் எழுதினார். அது நடக்கவில்லை. அவை சிதறிப் போவதை நினைத்து அன்று வருந்தி எழுதியவர்களில் பிஸ்ஸாரோவும் ஒருவர். இரண்டு ஆண்டுகள் கழித்து, கண்நோயால் வெளியில் நின்று வரைய முடியாத நிலையில், அவரே ஒரு விடுதி அறையின் சன்னலிலிருந்து மோன்மார்த்ர் நெடுஞ்சாலையைப் பதினான்கு கித்தான்களில் தீட்டினார். சந்தையின் தேவை ஒருவரை மேலும் வரைய வைக்கலாம். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து ஏன் விலகிப் போகிறது என்பதை அதனால் விளக்க முடியாது. விற்பதற்காக மட்டும் திரும்பச் செய்பவை ஒன்றுபோலவே இருக்க விரும்பும், ஏனென்றால் விற்றது அந்த ஒன்றுதான். 2019இல் ஒரு கதிர்ப் போர்ப் படம் பதினொரு கோடி டாலருக்கு ஏலம் போனது. விலைபோனது கூட்டாளிகளைப் பிரிந்த ஒற்றைப் படம்.

ஒற்றைப் படம் என்றதும் என் வாதத்துக்கே எதிரான சாட்சி ஒன்று எழுந்து நிற்கிறது. 1896இல் மாஸ்கோவில் நடந்த பிரெஞ்சு ஓவியக் கண்காட்சியில் பின்னாளில் ஓவியரான காண்டின்ஸ்கி ஒரு கதிர்ப் போர்ப் படத்தைக் கண்டார். அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை, கையேட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டார். பொருளை அடையாளம் காண முடியாதது அவரை உறுத்தியது. ஆனால் அந்தப் படம் நினைவை விட்டுப் போகவே இல்லை என்று 1913இல் எழுதினார். உலகிலுள்ள பொருள் இல்லாமலே ஓவியம் நிற்க முடியுமா என்ற எண்ணத்துக்கு அது ஒரு வித்து. அவர் தொடரைப் பார்க்கவில்லை. ஒன்றே போதுமானதாக இருந்தது. அப்படியானால் தொடர் எதற்கு? அந்த ஒன்றில் போர் ஏன் அடையாளம் இழந்திருந்தது என்று யோசித்தால் பதில் கிடைக்கும். முதல்முறை போரை வரைபவர் போரைத்தான் வரைவார். அதன் கூம்பு, அதன் கூரை, வயலில் அதன் இருப்பு எல்லாம் அவருக்குப் புதிது. பத்தாவது முறை வரும்போது போர் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை. பின்னாலிருக்கும் மலைக்கோடும் மரங்களும் கைக்குத் தெரியும். அறிந்த பொருள் பின்வாங்க, போருக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் காற்றும் வெளிச்சமும் முன்னே வருகின்றன. காண்டின்ஸ்கி கண்ட அந்த மறைவு, பல கித்தான்களின் உழைப்பு ஒன்றில் வந்து படிந்தது. தனியாகத் தொங்கினாலும் அது தனியாகப் பிறந்த படம் இல்லை.

இன்னொரு மறுப்பு நம் இலக்கியத்திலிருந்தே வரக்கூடும். எண்ணிக்கையை முன்பே முடிவுசெய்த தொடர்கள் செத்தவை என்றால் ஐங்குறுநூற்றை என்ன செய்வது? ஐந்து திணை, திணைக்கு நூறு, நூறும் பத்துப் பத்தாக. ஓரம்போகியார் பாடிய மருதத்தில் களவன் பத்து முழுக்க நண்டு, எருமைப் பத்து முழுக்க எருமை. எண் முதலிலேயே கட்டப்பட்டுவிட்டது, பாடல்களோ இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயும் ஃபுஜி மலைக் காட்சிகளுக்கு முப்பத்தாறு என்று எண்ணைத் தலைப்பிலேயே வைத்தார். பிறகு பத்து சேர்ந்து நாற்பத்தாறாயின. ஜப்பானிய அச்சுப் படங்கள் மோனேயின் வீட்டுச் சுவர்களை நிறைத்திருந்தன என்பதால் இந்த உதாரணம் இங்கே அந்நியமும் இல்லை. இந்த மறுப்பை ஏற்று நான் என் கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. எண்ணில் குற்றம் இல்லை. பத்து என்பது அங்கே வேலி. வேலிக்குள் என்ன விளையும் என்பதை அது சொல்வதில்லை. நண்டு அதேதான், ஆனால் ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும்போது அந்த நண்டின் அருகே சொல்லப்படும் மனிதத் துயரம் நகர்ந்துவிடுகிறது. எது நிற்க வேண்டும், எது நகர வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறது. குற்றம், பத்தாவதில் தெரியவேண்டியது முதலாவதிலேயே தெரிந்துவிட்டதாக நினைப்பதில் இருக்கிறது. நான் முதலில் சொன்ன கண்காட்சி வரிசைகளில் எல்லாமே நிற்கின்றன, அல்லது எல்லாமே ஒரே சமயத்தில் நகர்கின்றன.

நிற்பது எது, நகர்வது எது என்ற இந்தக் கேள்விக்கு வெளிச்சம் மட்டுமே விடை என்றும் நினைக்க வேண்டாம். பால் செசான் சாந்த்-விக்த்வார் மலையை முப்பதுக்கும் மேற்பட்ட தைலவண்ணப் படங்களில் தீட்டினார். சுண்ணாம்புக்கல் மலை, அறுவடையாகிப் போகாது, உருகாது. அங்கே பொழுது முக்கியமில்லை. அவர் 1906 செப்டம்பரில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், ஆற்றங்கரையில் ஒரே இடத்தில் இருந்தபடி சற்று வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ந்தாலே மாதக்கணக்கில் வேலை இருக்கிறது என்ற பொருள்படச் சொல்கிறார். நிலம் நிற்க, பார்ப்பவரின் உடம்பு ஓர் அங்குலம் நகர்கிறது. அந்த அங்குலத்துக்குள் தளங்கள் எல்லாம் புதிதாக உறவுகொள்கின்றன. அடுத்த மாதம் வெளியில் வரைந்துகொண்டிருந்தபோது மழையில் மாட்டிக்கொண்டு, சில நாட்களில் இறந்துபோனார். நம் நாட்டில் ஓவியர் ராம் குமார் 1960களின் தொடக்கத்தில் வாரணாசிக்குப் போனார். அதற்கு முன்னால் நகரத்தில் ஒட்டாமல் தவிக்கும் மனித முகங்களை வரைந்துகொண்டிருந்தவர் அவர். வாரணாசிப் படங்களில் மனிதர்கள் உதிர்ந்துபோனார்கள். மாடங்களும் படித்துறைகளும் ஆறும் மட்டும் மிஞ்சின. பின்னர் அவையும் வண்ணத் தளங்களாகக் கரைந்தன. அங்கே நகர்ந்தது வெளிச்சமும் இல்லை, கோணமும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் இன்னும் எதை நீக்கலாம் என்ற கேள்வி நகர்ந்தது. மோனே, செசான், ராம் குமார் மூவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: முந்தைய படம் விட்டுவைத்த ஒரு குறையை அடுத்த படம் கையிலெடுத்தது.

இதுவரை ஓவியரின் பக்கமே பேசினோம். நிலத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஒரு சங்கடம் மிஞ்சுகிறது. 1889இல் க்ரூஸ் பள்ளத்தாக்கில் மோனே ஓர் இலையற்ற ஓக் மரத்தை வரைந்துகொண்டிருந்தார். மோசமான வானிலையால் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்க, மே மாதம் வந்து மரம் துளிர்த்துவிட்டது. அவர் நிலத்துக்காரரிடம் அனுமதி பெற்று, ஏணி கொண்டுவந்து, ஆட்களை விட்டு இலைகளைப் பறிக்கச் செய்தார். கடிதத்தில் இதை மகிழ்ச்சியோடு எழுதுகிறார். மாறும் நிலத்தை வரைய வந்தவர் நிலம் மாறிவிட்டதற்காக அதைத் திருத்துகிறார். இதை ஓர் ஓவியரின் விடாப்பிடி என்று சொல்லிப் பாராட்டும் வழக்கம் இருக்கிறது, என்னால் முடியவில்லை. தொடரின் நியாயப்படி பார்த்தால் துளிர் ஒரு தடங்கல் இல்லை, அது அடுத்த கித்தான். அடுத்த ஆண்டு கதிர்ப் போர் வயலில் அவர் கற்றுக்கொண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். 1891இல் எப்த் ஆற்றங்கரையில் பாப்லர் மரங்களை வரைந்துகொண்டிருக்கையில், அவற்றை ஏலம் விட ஊராட்சி முடிவு செய்தது. மோனே மரவியாபாரிக்குப் பணம் கொடுத்து, படங்கள் முடியும்வரை வெட்டாமல் இருக்கச் செய்தார். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றில்லை. இலை வருவது நிலத்தின் மாற்றம். கோடரி வருவது நிலத்தின் முடிவு. மாற்றத்தைத் தடுப்பவர் தொடரை மறுக்கிறார். முடிவைச் சில மாதங்கள் தள்ளிவைப்பவர் பார்ப்பதற்கு அவகாசம் கேட்கிறார். அவகாசம் தீர்ந்ததும் மரங்கள் மரவியாபாரிக்கே உரியவையாயின.

இன்று புதிதாக ஒரு நிலக்காட்சித் தொடரைத் தைலவண்ணத்தில் தொடங்க நினைப்பவருக்கு அந்த அவகாசம் இன்னும் குறைவு. இந்தப் பருவத்தில் வரைந்த வயலில் அடுத்த பருவத்தில் மனைக்கல் நட்டிருக்கலாம், ஏரி சாலையாகியிருக்கலாம். அந்த அவசரமே, எண்ணிக்கையை முதலில் நிர்ணயித்து வேகமாக முடித்துவிடச் சொல்லித் தூண்டும். அதற்கு இணங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். தொடருக்குப் பெயர் வைப்பதைத் தள்ளிப்போடுங்கள். முதல் படத்தைக் கையெழுத்திடாமல் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, அது காய்வதற்குள் அதே இடத்துக்கு இன்னொரு கித்தானோடு போங்கள். எதை அசையாமல் வைத்துக்கொள்வது, எதை அசையவிடுவது என்று மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது முதலாவது சொல்லாமல் விட்டது எதுவென்று தெரிந்தால் மூன்றாவதைத் தொடங்கலாம், அங்கிருந்து தொடர் தன் நீளத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும். ஒன்றும் தெரியவில்லையென்றால் அந்த நிலத்துக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு படம்தான். அந்த ஒன்றை நன்றாக முடித்துக் கொடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.